மெயினை இறக்கிய கை

கோந்த்வாவில் என் மகள் குடியிருந்த வீட்டில், மெயின் ஸ்விட்ச் வாசல் கதவுக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்கு மேலே இருந்தது. என் ஒரு கையில் அவளுடைய இரண்டு நைட்டியும் துண்டும் திணித்த பை. இன்னொரு கையில் வீட்டுச் சாவி. சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு, காலியான கையால் மெயினை இறக்கினேன்.

உள்ளே ஏதோ ஒரு சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது மெதுவாகி, நின்றது.

நின்றதை நான் கேட்டேன். கேட்டும் யோசிக்கவில்லை. கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, படியிறங்கி ஆட்டோவில் உட்கார்ந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தெருமுனையில் ஒருவர் சோளக்கதிர் சுட்டு, எலுமிச்சம்பழத்தை மிளகாய்ப்பொடியில் தொட்டு அதன்மேல் தேய்த்துக்கொண்டிருந்தார். மாதங்கள் ஆகிவிட்டன. இப்போதும் அந்த வாசனை வந்தால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன்.

இந்தத் தொடரில் இதுவரை எழுதியதெல்லாம் ஆறிப்போன விஷயங்கள். இது இன்னும் ஆறவில்லை. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் அடுத்த விஷயத்துக்குப் போக முடியவில்லை.

அதற்கு முந்தின நாள் மதியம். நான் வேலை பார்க்கும் தேஹு ரோடு ராணுவ வெடிமருந்து டெப்போவுக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து பார்த்தால், மகள் நித்யாவின் எண்ணிலிருந்து பதினோரு தவறிய அழைப்புகள். கூப்பிட்டேன். எடுத்தது அவள் இல்லை. அவளோடு வேலை செய்யும் கேதகி என்ற மராட்டிப் பெண்.

“ஆண்டி, கப்ராயியே மத்” என்றாள். பதறாதீர்கள் என்று ஒருவர் பேச்சை ஆரம்பித்தால் பதறாமல் வேறு என்ன செய்வது?

டெங்கு. காலையில் கேதகி வேலைக்கு வந்தபோது நித்யா மேசைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்திருக்கிறாள். என் கணவர் தளேகாவ் ஃபேக்டரியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் லோக்கல் ரயிலில் கதவருகே நின்றுகொண்டே போனேன். மறுநாள் காலை அவரை அவள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, துணியும் காகிதங்களும் எடுக்கத்தான் கோந்த்வா போயிருந்தேன்.

கடைசி ஆள்

நான் ஏன் மெயினை இறக்கினேன் என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. பழக்கம் மட்டும்தான்.

எங்கள் டெப்போவில் சாயங்காலம் ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் கடைசியாக வெளியே வருகிறவர் மெயினை இறக்க வேண்டும். இறக்கிவிட்டு வாசலில் இருக்கும் பலகையில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் பூட்டு. எந்த மாதிரிப் பொருள்கள் இருக்கும் இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொறி போதும். நான் அங்கே பதிவேட்டுப் பிரிவில் கிளார்க். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு முன்னால் என் அப்பா ஆம்பூரிலிருந்து வந்து அதே டெப்போவில் இருந்தார். அந்தப் பலகையில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிடும். எங்கள் குவார்ட்டர்ஸில் எந்தக் குடும்பம் ஊருக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். முந்தின நாளே அவர்கள் ஃப்ரிட்ஜில் இருந்த தயிரும் தக்காளியும் பக்கத்து வீட்டுக்கு வந்துவிடும். கிளம்பும்போது மெயினை இறக்கிவிடுவார்கள் அல்லவா? வேறு ஊரிலிருந்து புதிதாக வந்த மருமகள்கள் சிரிப்பார்கள். இரண்டு வருஷத்தில் அவர்களும் இறக்குவார்கள்.

நித்யா எட்டாவது படிக்கும்போது ஆம்பூரில் என் தம்பி கல்யாணம். புறா எப்படித் திரும்பி வர வழி கண்டுபிடிக்கிறது என்று பள்ளிக்கூடத்துக்காக ஒரு கட்டுரையை மத்தியானம் முழுக்கக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அவள் ஷூ மாட்ட ஓடினாள். நான் மெயினை இறக்கினேன்.

ரயில் சோலாப்பூர் தாண்டும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

“சேவ் பண்ணாதது உன் தப்பு” என்றேன்.

“நான் நடுவுல இருந்தேம்மா” என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று நான் கேட்கவில்லை.

மேசையும் அலமாரியும்

நித்யா நல்ல வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு, கேதகியோடும் இன்னொரு நண்பரோடும் சேர்ந்து கோந்த்வா வீட்டின் முன்னறையில் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுத உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைத் தட்டியெழுப்பி, மற்ற எல்லாவற்றையும் நடத்துகிற அடிப்படை. பத்திரிகைகளில் இயங்குதளம் என்று எழுதுகிறார்கள்.

போன வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு வீட்டுக்கு வந்தவள், சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்கு அதை விளக்கினாள். நான் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவள் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். எங்கே சொல் கிடைக்கவில்லையோ அங்கே இந்தி வந்து உட்காரும்.

“அம்மா, நீ ஆபீஸ்ல என்ன பண்ற?”

“ஃபைல் பாக்கறேன்.”

“அதேதான். கம்ப்யூட்டர்லயும் ஃபைல். ஃபைல் வைக்க ஃபோல்டர். தூக்கிப் போட குப்பைக்கூடை. மத்லப், அதாவது உன்னோட ஆபீஸைத் தூக்கி உள்ள வச்சுட்டாங்க. ஏன்னு அப்புறம் யாருமே கேக்கல.”

“ஆபீஸ் நல்லாத்தானே நடக்குது?”

“நடக்குதா? போன வாரம் ஒரு ஃபைலைத் தேடி நாலு பேர் அலைஞ்சீங்கன்னு நீதானே சொன்ன?”

கூடத்திலிருந்து என் கணவர், “அந்த ஆபீஸை எதுக்குள்ள வச்சாலும் மெதுவாத்தான்மா ஓடும்” என்றார்.

அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டி மேடையைத் தட்டிக் காட்டினாள். “இது மேசை. நீ வேலை செய்யற இடம். அதோ, அது அலமாரி. வேலை முடிஞ்சதும் எடுத்து வைக்கிற இடம். கரண்ட் போனா மேசை மேல இருக்கிறதெல்லாம் காணாமப் போயிடும். அலமாரில இருக்கிறது மட்டும் மிஞ்சும். அதனாலதான் சேவ், சேவ்னு மனுஷன் பயந்துக்கிட்டே இருக்கணும். மெஷினுக்காக மனுஷன் ஞாபகம் வச்சுக்கணும். இது உல்ட்டா இல்லையா?”

“உங்களுது?”

“எங்களுதுல மேசை, அலமாரி ரெண்டும் ஒண்ணுதான். ஃபைல் இல்ல. சேவ் இல்ல. நீ நடுவுல எழுந்து போனா அது அப்படியே நடுவுல நிக்கும். வந்தா அதே இடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம். அழிச்சது கூட பின்னாடி போய்ப் பார்த்தா இருக்கும்.”

இன்னொன்றும் சொன்னாள். இப்போதுள்ள கம்ப்யூட்டர்களில் நாம் எந்த ஒரு சின்ன விளையாட்டைத் திறந்தாலும், வீட்டுச் சாவிக்கொத்து முழுவதும் அதன் கைக்குப் போய்விடுகிறதாம். அவர்களுடையதில், யாருக்கு எந்த அறையில் வேலையோ அந்த ஒரு சாவி மட்டும். “உன் டெப்போல சாவி குடுப்பீங்களே, அது மாதிரி. உங்கிட்டேர்ந்துதான் எடுத்தேன்” என்றாள்.

இப்போது இதை எழுதும்போது எனக்குப் புரிகிறது. அன்று அவள் எனக்கு ஒரு மரியாதை செய்திருக்கிறாள். அன்று நான் கேட்டது இதுதான்:

“உலகத்துல எல்லாரும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர் வச்சுக்கிட்டு வேலை பாக்கறாங்க. உனக்கு மட்டும் என்னடி அது ஆகல?”

நல்ல சேதி

நான் கவலைப்படுகிறவள். இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு அது இந்நேரம் தெரிந்திருக்கும். வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வரும்வரை என் ஒரு காது வாசலில்தான் இருக்கும்.

அப்போதெல்லாம் நித்யா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, அந்த வாரம் என்னென்ன உடைந்தது என்று சொல்வாள். “மூணு தடவை விழுந்துச்சும்மா, ஏன்னே தெரியல” என்பாள். அவளுக்கு அது வேலையின் சுவாரசியம். எனக்கு அது மகள் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிற சத்தம். போனை வைத்த பிறகு இரண்டு நாள் எனக்கு எதுவும் ஓடாது.

அந்தச் சதுர்த்தி நாளில், கொழுக்கட்டையை இட்லிப் பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டே சொன்னேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“நித்யா, இனிமே நல்ல சேதி இருந்தா மட்டும் எனக்கு போன் பண்ணு. மத்ததைக் கேக்கற சக்தி எனக்கு இல்ல.”

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். விரலில் ஒட்டியிருந்த மாவை உருட்டிக் கீழே போட்டாள்.

“டீக் ஹை, சரி” என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன்கள் குறைந்தன. வந்தவற்றில் எல்லாம் நன்றாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

“ஓடுதும்மா”

கோந்த்வாவிலிருந்து நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது நித்யா கண் விழித்திருந்தாள். முகம் வீங்கி, உதடு வெடித்து, கையில் ஊசி குத்திய இடமெல்லாம் நீலம். என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, வீட்டுக்குப் போனியா? மெஷின் ஓடுதா?”

அந்தச் சின்ன விசிறி அப்போதுதான் என் காதுக்குள் நின்றது.

கேதகி முந்தின நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொல்லியிருந்தாள். அந்த மெஷினை நிறுத்தாமல் நாற்பது நாளுக்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மூவரும் எதை எழுதினாலும் அதில்தான் எழுதுவது என்று தங்களுக்குள் விதி வைத்திருந்தார்கள். கடைச் சாமான் பட்டியல், போனில் அனுப்ப வேண்டிய செய்தி, எல்லாமே முதலில் அதில். ஒரு கல்லூரியிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. பிடித்துவிட்டால் அங்கேயே ஓர் இடமும் கொடுப்பார்களாம். ஒன்றரை வருஷ உழைப்பு அந்த அறையில், அந்த மேசை மேல் இருந்தது. நான் அதைப் புறாக் கட்டுரை மாதிரி ஆக்கிவிட்டேன்.

“ஓடுதும்மா” என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவளை ஐசியூவுக்கு மாற்றினார்கள்.

இரண்டு நாள். ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. கண்ணாடிக் கதவு வழியாக அவளைக் காட்டும்போதெல்லாம் அவள் உதடு அசையும். மெஷினைத்தான் கேட்கிறாளோ என்று பயந்து நான் முன்கூட்டியே தலையை ஆட்டுவேன். ஓடுது, ஓடுது. இவள் எழுந்து வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். எழுந்து வந்தால் என்ன சொல்வேன் என்று அடுத்த நொடியே நடுங்குவேன். பெற்றவளுக்கு இப்படி ஒரு பயம் வரலாமா? வந்தது.

என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. அவர் டீ வாங்கி வந்து கொடுத்து, “நீ ஏன் அவளைப் பாக்கவே பயப்படற?” என்றார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

மூன்றாம் நாள் காலை எண்ணிக்கை ஏறியது. டாக்டர் முதல் தடவையாக எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

ஆயி டெஸ்ட்

அன்று பிற்பகல் கேதகியைக் கூப்பிட்டுக்கொண்டு கோந்த்வா போனேன். படியேறும்போது சொல்லிவிட்டேன். இந்தியில் சொல்ல வந்தது தமிழில் வந்து, மறுபடி இந்தியில் சொன்னேன். என் வயதில் ஒரு பெண்ணிடம் கை கூப்பியது அதுதான் முதல் தடவை.

கேதகி நின்றாள். “ஆண்டி, மெயினையா? முழுசாவா?”

“ஆமாம். பழக்க தோஷம்.”

அவள் என்னைத் தாண்டி ஓடினாள். கதவைத் திறந்து மெயினை ஏற்றினாள். விசிறி முனகியது. திரை கறுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது.

பிறகு திரை வந்தது. ஏதோ புதிதாக ஆரம்பிப்பது போல் வரவில்லை. பாதியில் நின்ற ஒரு வரி, அந்த வரியில் பாதியில் நின்ற ஒரு சொல், அதன் முனையில் துடித்துக்கொண்டிருக்கும் சின்னக் கோடு. என் மகள் நாற்காலியிலிருந்து சரிந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே.

கேதகி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“ஆண்டி, இதுக்கு நாங்க என்ன பேர் வச்சிருக்கோம் தெரியுமா? சொல்லாம கொள்ளாம கரண்டைப் புடுங்கிப் பாக்கறதுக்கு? ஆயி டெஸ்ட்.”

மராட்டியில் ஆயி என்றால் அம்மா.

“நித்யாதான் வச்சா. ‘எங்க அம்மா ஊருக்குக் கிளம்பினாலும் தாங்கணும். அதுதான் நல்ல சிஸ்டம்’னு சொல்லுவா. சின்னச் சின்னதா நிறைய தடவை பண்ணியிருக்கோம். இவ்வளவு நாள் ஓடின பிறகு பண்ண எங்களுக்கே தைரியம் வரல. நீங்க பண்ணிட்டீங்க.”

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாம் முழுசாகத் திரும்பியிருக்கிறதா என்று சரிபார்க்க, கேதகி பின்னோக்கிப் போனாள். ஒரு சக்கரத்தைத் திருப்புவது போல இருந்தது. எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அழித்த வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. திடீரென்று கையை எடுத்துவிட்டாள்.

“யே ஆப்கா ஹை” என்றாள். இது உங்களுடையது. தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நித்யாவுக்குத் தமிழ் எழுதத் தெரியாது. ஆங்கில எழுத்தில்தான் எழுதுவாள். கேதகிக்குப் புரிந்திருக்கக்கூடியது ‘அம்மா’ என்ற ஒரு சொல் மட்டும்தான்.

“அம்மா, ரெண்டு நாளா காய்ச்சல். நீ வர முடியுமா.” எழுதி, அழித்திருந்தாள்.

மறுநாள், “அம்மா, பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா”. அழித்திருந்தாள்.

அதற்கும் அடுத்த நாள், விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்: “அம்மா, இது நல்ல சேதி இல்ல. இருந்தாலும்”.

அதையும் அழித்திருந்தாள்.

சாதாரணக் கம்ப்யூட்டராக இருந்தால் இவை இருந்திருக்காது. நான் கடைசிவரை நிம்மதியாக இருந்திருப்பேன்.

கீழே ஒரு வரி

ஆஸ்பத்திரியிலிருந்து நித்யாவைத் தேஹு ரோடுக்கே கூட்டி வந்தோம். முடி கொட்டியது. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கியது. மெஷினையும் கேதகி கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கல்லூரிக்காரர்கள் வருவதைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் கஞ்சி கொடுக்கும்போது சொன்னேன். “அன்னிக்கு நான் உங்கிட்டப் பொய் சொன்னேன்.”

“தெரியும். மெஷின் எப்ப நின்னுச்சு, எப்ப எழுந்துச்சுன்னு அதுலயே இருக்கு.” ஸ்பூனை வைத்தாள். “நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, ஆயி டெஸ்ட் நடந்துடுச்சுன்னு நான் அந்த பெட்ல எழுந்து உக்காந்திருப்பேன். எனக்கு அதைவிட நல்ல சேதி எதும்மா?”

நான் எதைக் கெட்ட சேதி என்று இரண்டு நாள் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தேனோ, அது அவள் ஒன்றரை வருஷமாகக் காத்திருந்த சேதி.

“இன்னொண்ணு” என்றேன். “நீ அழிச்சதையும் படிச்சேன்.”

அவள் முகம் மாறியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டோன்மென்ட் சாலையில் ஷேர் ஆட்டோக்காரர் “ஸ்டேஷன், ஸ்டேஷன்” என்று கூவிக்கொண்டு போனார்.

“நீ படிச்சிருக்கக் கூடாது” என்றாள். “அது எழுதினவளோடது. மத்தவங்க பின்னாடி போய்ப் பாக்க முடியுதுன்னா அது எங்க தப்பு. எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கணும்னு மட்டும் யோசிச்சோம். யாருக்காகன்னு யோசிக்கல. அந்தச் சாவியை எழுதினவ கையில மட்டும் குடுக்கணும்.”

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மெஷினில் ஏதோ தட்டிக் குறித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

“அதை நிஜமாவே அழிச்சிடவாம்மா? அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கோம்.”

எங்கள் ஆபீசில் பழைய ஃபைலை அழிப்பதற்குக்கூட மூன்று பேர் கையெழுத்து வேண்டும். அழித்த பிறகு, அழித்தோம் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

“வேண்டாம். உனக்குச் சம்மதம்னா, அதுக்குக் கீழ நான் ஒரு வரி எழுதட்டுமா?”

அவள் மெஷினை என் பக்கம் திருப்பினாள். பின்னோக்கிப் போய், மூன்றாவது வரியில் நிறுத்தினாள். ‘இருந்தாலும்’ என்பதற்குப் பிறகு கோடு துடித்துக்கொண்டிருந்தது.

ஒரு விரலால்தான் எனக்குத் தட்டத் தெரியும். அவளால் படிக்க முடிய வேண்டுமே என்று நானும் ஆங்கில எழுத்தில் தட்டினேன்.

“இதோ கிளம்பிட்டேன்.”

தட்டி முடித்ததும் என் கை தானாக மேலே போய் எதையோ தேடியது. எங்கே அழுத்த வேண்டும், எதை அழுத்தினால் இது அழியாமல் நிற்கும் என்று திரையின் மூலை மூலையாகத் தேடினேன்.

“கையை எடும்மா” என்றாள் நித்யா. “போதும். இருக்கும்.”

கையை எடுத்தேன்.